டாக்டரம்மா வெட்டாமல் விட்ட நிலம்

டாக்டரம்மா மறைந்த சில வாரங்களுக்குப் பின் எங்கள் கல்லூரி அரங்கில் இரங்கல் கூட்டம் ஒன்று நடந்தது. மேடையில் பேசியவர்களுள் ஒருவர், அம்மையார் நூற்றுக்கணக்கான ஏழை மாணவரைப் படிக்கவைத்தார் என்றார். அடுத்துப் பேசியவருக்கு அந்த எண் போதவில்லை, ஆயிரம் என்றார். மூன்றாமவர், அவர் தம் ஓய்வூதியம் முழுவதையும் வழங்கிவிட்டு ஒருவேளை உணவோடு வாழ்ந்தார் என்று கூறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். கிறிஸ்துமசுக்கு அண்டை வீடுகளுக்குக் கேக் அனுப்புமுன், முந்திரி மிகுந்த துண்டைத் தமக்கென்று எடுத்து மூடிவைத்துக்கொள்ளும் டாக்டரம்மாவை நான் அறிவேன். ஆதலால் அந்த ஒருவேளை உணவு எனக்கு விளங்கவில்லை.

இக்குறிப்பை எழுதத் துணிந்ததற்கு அந்தக் கூட்டமே காரணம். நான் கண்ணால் கண்டவையும், டாக்டரம்மா என்னிடம் நேரில் சொன்னவையும், அவர் உதவியால் படித்தவர்கள் தம் வாயால் கூறி உறுதிசெய்தவையும் மட்டுமே இதில் இடம்பெறும். பிறர் சொல்லக் கேட்டவற்றை, அவை எவ்வளவு அழகாக இருப்பினும், விலக்கிவிட்டேன். உள்ளதைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொண்டே போனால், உள்ளது எது என்பதே ஒருநாள் மறந்துபோகும். அவர் கல்விக்கு உதவினார் என்று என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இருவர் மட்டுமே. அவ்விருவருக்கும் அவர் கொடுத்தவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நான் சொல்லப்போவது அந்த மோதலையும், அதற்குப் பின் அவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதையும் பற்றித்தான்.

அவரை எல்லாரும் டாக்டரம்மா என்றே அழைத்தார்கள். நானும் அவ்வாறே எழுதுகிறேன். மஞ்சூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருத்துவமனையில் பணியைத் தொடங்கி, அங்கேயே ஓய்வு பெற்றவர். மணம் செய்துகொள்ளவில்லை. சாலை வளைவுக்குக் கீழே, சரிவில், ஒரு சிறிய வீடும் அதைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் தேயிலையும் அவருக்கு இருந்தன. நான் உதகையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்தேன். கல்லூரிக்கு வரும் கல்விக் கொடைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் முதல்வர் என் தலையில் கட்டியிருந்தார். கணக்கில் எனக்குத் தேர்ச்சி உண்டென்று அவர் கருதவில்லை. நன்றி மடலைப் பிழையின்றி எழுதுவேன் என்பதே அவர் கண்ட தகுதி.

அந்தத் தகுதிக்கு டாக்டரம்மாவிடம் வேலையே இருக்கவில்லை. முதல்முறை அவர் என் அறைக்கு வந்து, தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண் ஒருத்திக்குப் படிப்பு முடியும்வரை எல்லாச் செலவையும் ஏற்பதாகச் சொன்னபோது, யார் கொடுத்தார் என்பதை அவளிடமும் அவள் வீட்டாரிடமும் சொல்லக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். ஆண்டு விழாவில் மாணவியை மேடையேற்றி ஒரு சொல் நன்றி சொல்லவைப்பது எங்கள் வழக்கம் என்று தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“ஏனுங்க சார், மருந்து எழுதிக் குடுக்கறது என் வேலை. நோயாளி ஊட்டு ஜன்னல்ல நின்னு, குடிச்சானா துப்புனானான்னு எட்டிப் பாத்துட்டு இருப்பேனுங்களா? பொழைச்சு எந்திரிச்சா ரோட்டுல பாத்துக்கறேன்.”

தேர்வுக் குழு ஒரு மாணவியைத் தெரிவு செய்தது. இயற்பியல் பாடம் எடுத்திருந்தாள். தந்தை மஞ்சூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவாத்து ஆள். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடுப்பளவுக்கும் கீழே வெட்டிவிடுவதைத்தான் இங்கே கவாத்து என்பார்கள். வெட்டாவிட்டால் செடி மரமாகிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது. தாய் அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மாணவி விடுதியில் தங்கிப் படித்தாள். யார் பணம் என்று கேட்டபோது, கொடுத்தவர் சொல்லவேண்டாம் என்றிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரம்மாவின் மற்றொரு கொடை இதனினும் விந்தையானது. அதற்கு வித்து அவருடைய ஒன்றரை ஏக்கர். பணி ஓய்வுக்குப் பின் ஒரு முறை கவாத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு கொழுந்து விலை கூலிக்குக்கூடக் கட்டவில்லை. அப்படியே விட்டார். தேயிலை மரமாயிற்று. அந்த நிழலுக்குக் கொண்டைக்குருவிகள் வந்தன. அவை எங்கிருந்தோ கொண்டுவந்த விதைகளிலிருந்து தவிட்டுப்பழச் செடியும், காட்டு நாவலும், அவர் பெயரறியாத வேறு சிலவும் முளைத்தன. தேயிலை வருமுன் இம்மலையில் இருந்த சோலைக்காடு, அழைக்காமலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. முழுமையாகத் திரும்ப எத்தனை ஆண்டு ஆகும் என்று அவர் எங்கள் தாவரவியல் ஆசிரியரைக் கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்தில் அதை யாரும் அளந்து பார்த்ததாகத் தமக்குத் தெரியவில்லை என்றார் ஆசிரியர். “தெரியாதுன்னா தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு ஆளை வைங்க” என்று சொல்லிவிட்டு, அந்த ஆளுக்கான உதவித்தொகையைத் தாமே ஏற்றுப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். நிலத்தையும் ஆய்வு முடியும்வரை தொடுவதில்லை என்று வாக்களித்தார்.

அவ்வாறு வந்து சேர்ந்தவள்தான் ஆய்வு மாணவி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். குளிரை வெறுத்தவள்; மலைக்கு வந்த முதல் வாரம் முழுவதும் காதைத் துணியால் கட்டிக்கொண்டே பேசினாள். ஆயினும் அந்தச் சரிவில் மண்டியிட்டு அமர்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். தானாக முளைத்த ஒவ்வொரு நாற்றின் அடியிலும் எண் பொறித்த சிறு அலுமினியத் தகடு ஒன்றைக் கட்டியிருந்தாள். எது எங்கே முளைத்தது, எந்த மழையில் எவ்வளவு வளர்ந்தது, எது எதன் நிழலில் மடிந்தது என்று அளந்துவந்தாள். மூன்றாண்டு உழைப்பு அது. இன்னும் ஒரு மழைக்காலம் அளந்தால் ஆய்வேட்டை எழுதத் தொடங்கலாம் என்ற நிலை. உதவித்தொகையும் ஏறத்தாழ அதே காலத்தில் முடிவதாக இருந்தது. வீட்டில் திருமணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். பட்டம் கிடைத்தால் கல்லூரியொன்றில் பணி உறுதியென்ற வாக்கும் அவளுக்கு இருந்தது. எல்லாம் அந்த ஒரு மழைக்காலத்தை நம்பி நின்றன.

டாக்டரம்மா கிறித்தவர். அவருடைய தேவாலயத்தில் அந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த காய்கறியையும் கோழியையும் ஏலம் விடுவார்கள். பிறகு எல்லாருக்கும் சாப்பாடு. அவர் என்னையும் ஆய்வு மாணவியையும் அழைத்திருந்தார். ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்காக அவரும் ஓய்வுபெற்ற ஓர் அஞ்சல் அலுவலரும் போட்டியிட்டார்கள். அதன் விலைக்கு ஒரு வண்டிப் பூசணி வாங்கலாம். “உங்களுக்குப் பல்லே இல்ல, பூசணி எதுக்கு?” என்று சபையறியக் கேட்டு அவரைப் பின்வாங்கவைத்து டாக்டரம்மா வென்றார். பிற்பகலில் நாங்கள் மூவரும் ஒரு ஜீப்பில் வீட்டுக்குத் திரும்பினோம். பூசணிக்காய் ஆய்வு மாணவியின் மடியில் இருந்தது.

சாலை வளைவில் ஜீப் திரும்பியதும் வீடு தெரிந்தது. இயல்பான செய்தி போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வளைவிலிருந்து வீட்டை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. இடையில் எப்போதும் மரங்கள் இருந்தன. இப்போது அங்கே வானம் இருந்தது. சரிவு முழுவதும், மேலிருந்து கீழ்வரை, ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட தண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. இடைவெளிகளில் ஒரு புல்கூட இல்லை. அவ்வளவு துப்புரவாகக் களையெடுத்திருந்தார்கள். கழித்த கிளைகள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. முற்றத்தில் இருபது முப்பது பேர். ஆண்கள் குழாயடியில் கத்தி கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கல்கூட்டி அடுப்பு மூட்டித் தேநீர் கொதிக்கவைத்திருந்தார்கள்.

எங்களைக் கண்டதும், இயற்பியல் மாணவியின் தந்தை முன்னால் வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“ஏனுங்கம்மா, இப்பப் பாருங்க! ஊடு ரோட்டுல இருந்தே தெரியுதுங்க. இத்தன வருசமா டாக்டரம்மா ஊடு எங்கேன்னு கேட்டா, அந்தக் காட்டுக்குள்ளன்னு சொல்ல வேண்டிக் கெடந்துச்சு.”

நிகழ்ந்தது இதுதான். தம் மகளுக்குப் பணம் கொடுப்பவர் டாக்டரம்மா என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தேயிலை நாட்டில் வெட்டாமல் கிடக்கும் நிலத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு: உடையவருக்கு ஆளுமில்லை, கையில் காசுமில்லை. அவர் இரண்டையும் இணைத்துப் பார்த்திருக்கிறார். அன்று அவரே என்னிடம் சொன்ன சொற்கள் இவை: “எம்புள்ள படிப்புக்குக் குடுத்துப்போட்டு, கவாத்துக் கூலி குடுக்க வழியில்லாம இந்தம்மா தோட்டத்தக் காடாப் போட்டிருக்குதுங்க சார். பாத்துட்டு எப்படிங்க சோறு எறங்கும்?” ஆகவே, தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான தம் லைன் வீடுகளில் இருந்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு, டாக்டரம்மா அறுப்பின் பண்டிகைக்குப் போகும் நாளைப் பார்த்து, விடுமுறை ஞாயிற்றில், கூலி வாங்காமல், வாள் இயந்திரத்துக்கு எண்ணெயும் தாமே வாங்கி ஊற்றி, வெட்டியிருக்கிறார்கள்.

ஆய்வு மாணவி பூசணிக்காயை என்னிடம் தந்துவிட்டுச் சரிவில் இறங்கினாள். நடுவில் ஓரிடத்தில் நின்றாள். அங்கே எது இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். பார்த்தவர்களுக்கு அது வெறும் மண். டாக்டரம்மா ஜீப்பின் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு கூட்டத்தை நோக்கி நடந்தார்.

“மேல் சரிவு யாருடா வெட்டுனது? வெட்டு ஒரே மட்டமா உழுந்திருக்குது.”

“நானுங்கம்மா” என்றார் ஒருவர், நெட்டையானவர்.

“நீயா? தோள்பட்டை கழண்டு போச்சுன்னு என்கிட்ட அழுதுட்டு வந்தவந்தானே? கட்டுப் போட்டப்ப, இனிக் கையே தூக்க முடியாது, லீவு எழுதிக் குடுங்கன்னியே. இப்ப எப்படித் தூக்குன?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நெட்டையானவரின் மனைவி, “அந்த லீவுல எங்கக்கா ஊட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோமுங்க” என்று போட்டுக்கொடுத்தார். அதற்குமேல் அங்கே துயரத்துக்கு இடமிருக்கவில்லை. டாக்டரம்மா பூசணியை வெட்டச் சொன்னார். அரிசி எடுத்துக்கொடுத்தார். அத்தனைபேரும் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.

சமையலறையில் நடந்ததற்கு நான் மட்டுமே சாட்சி. ஆய்வு மாணவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“டாக்டர், அவங்ககிட்டச் சொல்லுங்க.”

“என்னன்னு?”

“என்ன பண்ணியிருக்காங்கன்னு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்.”

“சொல்லு. வெட்டுனது ஒட்டிக்குமா?”

“என்னோட மூணு வருசம் டாக்டர்!”

“உன்னோட மூணு வருசத்துக்கு நான் பொறுப்பு” என்றார் டாக்டரம்மா. குரல் தாழ்ந்திருந்தது. “அவங்களோட இந்த ஒரு ஞாயித்துக்கிழமைக்கும் நாந்தான் பொறுப்பு. ஆறு நாளும் கூலிக்கு வெட்டுனவங்க, ஏழாம் நாள் எனக்காகச் சும்மா வெட்டியிருக்காங்க. அது தப்புன்னு இன்னைக்கு எப்படிச் சொல்றது?”

“அப்ப என் வேலை தப்பா?”

டாக்டரம்மா உலையின் மூடியைத் திறந்து பார்த்தார். ஆய்வு மாணவி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். சொல்லிவிடுவதென்றே போனாள்; இதைப் பின்னாளில் அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள். நானும் பின்னாலேயே போனேன். வாசலில் இயற்பியல் மாணவியின் தந்தை ஒரு சாக்குப் பையுடன் நின்றார். அவளிடம் அதை நீட்டினார்.

“அம்மிணி, நீங்கதான டாக்டரம்மாவுக்குத் தோட்டம் பாத்துக் குடுக்கறது? செடிக்கடியில இந்தத் தகடெல்லாம் கட்டிக் கெடந்துச்சுங்க. நம்பரு போட்டிருந்துச்சு. என்னமோ வேண்டிய சாமான்னு ஒவ்வொண்ணா அவுத்து, மண்ணு போகக் கழுவி வெச்சிருக்கோம். எண்ணிப் பாத்துக்குங்க, ஒண்ணுகூடத் தொலையலீங்க.”

அவள் பையைத் திறந்து பார்த்தாள். தகடுகள் பளபளவென்று இருந்தன. எந்தத் தகடு எந்த நாற்றுக்கு உரியது என்பதைக் காட்டும் நாற்று ஒன்றும் அந்தச் சரிவில் இல்லை. அவள் உதடு அசைந்தது. அவர் அவளை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். செய்த வேலைக்கு ஒரு சொல் எதிர்பார்க்கிற பார்வை. “ரொம்ப நன்றிங்கண்ணா” என்றாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

கொடை குறித்து எழுதுபவர்கள் கொடுப்பவரையும் பெறுபவரையும் மட்டுமே காண்கிறார்கள். நானும் அதுவரை அவ்வாறே எண்ணியிருந்தேன். நன்றியே வேண்டாம் என்று ஒளிந்திருந்த ஒருவரை நன்றி தேடிவந்து கண்டுபிடித்தது. தன்னிடமிருந்த ஒரே திறமையை அவர் காலடியில் வைத்தது. வைத்த இடத்தில் வேறொருத்தியின் வாழ்வு இருந்தது. டாக்டரம்மா அந்த நன்றியை முழுமையாகப் பெற்றுக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் அதற்கான விலையை அவர் தனியாகச் செலுத்தவில்லை. அவருடைய பெருந்தன்மையில் பெரும்பங்கு ஆய்வு மாணவியின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. இரங்கல் கூட்டத்தில் இதை யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. சில மாதங்களுக்குப் பின் என்னிடம், “அவ கோவப்படறது நியாயமுங்க சார். நான் ரெண்டு பேருக்குக் குடுத்தேன். அன்னைக்கு ஒருத்தர்கிட்ட இருந்து புடுங்கி இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன்” என்றார்.

கோபம் நெடுநாள் நீடித்தது. ஆய்வு மாணவி சரிவுக்கு வருவாள், வீட்டுக்குள் வரமாட்டாள். டாக்டரம்மா தேநீரைச் சாளரத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். கோப்பை சிலநாள் காலியாகும், சிலநாள் ஆறிக்கிடக்கும். இனி யாரும் வெட்டாதிருக்க அங்கே ஓர் அறிவிப்புப் பலகை நடலாம் என்று நான் சொன்னேன். “போர்டு வெச்சா ஏன் வெச்சோம்னு கேப்பாங்க” என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்குத் தாமே நேரில் சென்று, உதவித்தொகை மேலும் இரண்டாண்டு தொடர ஏற்பாடு செய்தார்.

இழப்பு பின்னர் பேறாக மாறியது என்று முடித்தால் படிப்பவர்க்கு இனிக்கும், அது உண்மையாகாது. ஆய்வின் மூல வினாவுக்கு விடை கிடைக்கவே இல்லை. சோலை முழுமையாகத் திரும்ப எத்தனை ஆண்டு என்பது இன்றும் எங்களுக்குத் தெரியாது. வெட்டுமுன் அளந்தவற்றை முதற்பகுதியாகவும், வெட்டிய பின் அடிவேரிலிருந்து மீண்டும் துளிர்த்தவற்றை இரண்டாம் பகுதியாகவும் வைத்து, தான் எண்ணியதைவிடச் சிறியதோர் ஆய்வேட்டை அவள் எழுதினாள். வாக்களிக்கப்பட்டிருந்த பணி அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது.

பட்டத்துக்கு முந்தைய வாய்மொழித் தேர்வு எல்லாருக்கும் பொதுவான நிகழ்ச்சி. யாரும் வந்து அமரலாம். டாக்டரம்மா ஊன்றுகோலுடன் வந்திருந்தார். அதற்குள் இயற்பியல் மாணவி பட்டம் முடித்து, அதே பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பில் சேர்ந்திருந்தாள். ஆய்வு மாணவியோடு நட்பாகிவிட்ட அவள், தன் பெற்றோரையும் அழைத்து வந்திருந்தாள். அவர்களைக் கண்டதும் நான் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மா என் பக்கம் குனிந்து, “கூட்டிட்டு வரச் சொன்னது அவதானாம்” என்று ஆய்வு மாணவியைக் கண்ணால் காட்டினார்.

திரையில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றில் மரங்கள் அடர்ந்த சரிவு. மற்றொன்றில் அதே சரிவு, மட்டமாக வெட்டப்பட்டு. புறத்தேர்வாளர் சமவெளியிலிருந்து வந்த மூத்த பேராசிரியர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தமிழிலேயே கேட்டார்:

“இங்கதாம்மா எனக்குப் புரியலை. நல்லா வந்துட்டிருந்த நிலம். நடுவுல இப்படி வெட்டியிருக்கு. யார் வெட்டினது?”

ஆய்வு மாணவி வாய்திறக்குமுன், பின்வரிசையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. இயற்பியல் மாணவியின் தந்தை எழுந்து நின்றார். தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

“நாங்கதானுங்க ஐயா.”

அரங்கு திரும்பிப் பார்த்தது. “நீங்க யாருங்க?” என்றார் பேராசிரியர்.

“கவாத்து ஆளுங்க. டாக்டரம்மா தோட்டமுங்க அது. சும்மா கெடந்துச்சு. ஒரே நாளுல முடிச்சமுங்க.”

யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா ஊன்றுகோலை இறுகப் பற்றிக்கொண்டார். அந்த நொடியில் ஆய்வு மாணவிக்கு எல்லா உரிமையும் இருந்தது. தேர்வாளர் கேட்கிறார், உண்மையைச் சொல்லவேண்டியது கடமை, சொன்னால் அவளுடைய ஏட்டின் குறைக்கும் காரணம் விளங்கிவிடும். அவள் பேராசிரியரை நோக்கி நிதானமாகச் சொன்னாள்: “ஆமாங்க ஐயா. அவங்க வெட்டியதுதான். என் ஆய்வு முதல்ல கேட்ட கேள்விக்கு அதனால விடை கிடைக்கலை. அதை முடிவுரையில எழுதியிருக்கேன். ஆனா அது கைவிடப்பட்ட நிலம் இல்லைங்கறதையும் எழுதியிருக்கேன். அதைப் பார்த்துக்க ஆள் இருந்தாங்க. நன்றியுரையில அவங்க எல்லார் பெயரும் இருக்கு.”

பேராசிரியர் ஏட்டின் முன்பக்கங்களைப் புரட்டினார். இயற்பியல் மாணவியின் தந்தை இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் திரையிலிருந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்ப்பதை நான் கண்டேன். பிறகு அமர்ந்து, மகளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் சுருக்கமாக ஏதோ சொன்னாள். அது என்னவென்று நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. தேர்வு முடிந்து, சிற்றுண்டியின்போது அவர் எப்போதும்போல் சிரித்துப் பேசினார். டாக்டரம்மாவும் ஆய்வு மாணவியும் ஒரே தட்டிலிருந்து உண்டார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் வந்து தேநீர் குடித்தாள்.

ஆண்டுகள் சென்றன. சரிவு மீண்டும் வளர்ந்தது. அடுத்த கவாத்துப் பருவம் வந்தது. யாரும் வெட்ட வரவில்லை. டாக்டரம்மா தம் இறுதி விருப்பத்தில் அந்த நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். இப்போது புதிதாக ஒரு மாணவன் அங்கே முதலிலிருந்து அளக்கத் தொடங்கியிருக்கிறான். பழைய ஆய்வு மாணவி வேறொரு கல்லூரியில் பணியாற்றுகிறாள். விடுமுறையில் வந்து அவனுக்கு வழிகாட்டுகிறாள்.

டாக்டரம்மாவை அடக்கம் செய்த நாளன்று மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து சாலைக்கு ஏறும் பாதையின் மீது இருபுறமும் கிளைகள் கவிந்திருந்தன. பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போக இயலாது. தூக்க வந்தவர்கள் பெரும்பாலும் அந்த லைன் வீட்டு ஆட்கள். இயற்பியல் மாணவியின் தந்தை கவாத்துக் கத்தியுடன் பாதையின் தொடக்கத்தில் நின்றார். அவர் நினைத்தால் அந்தப் பாதையை எட்டு வீச்சில் திறந்துவிடுவார். வெட்டவில்லை. கூட்டத்தில் தேடி, ஆய்வு மாணவியைக் கண்டு, அவளருகே வந்தார்.

“எதைக் கழிக்கலாம்னு நீங்க காட்டுங்க அம்மிணி.”

அவள் பாதையில் ஏறி, ஒவ்வொரு கிளையாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தேயிலைக் கிளையைக் காட்டினாள். அதை வெட்டினார். இன்னொன்றைக் காட்டினாள். அதையும் வெட்டினார். ஒரு நாவல் கன்று வழியில் சாய்ந்திருந்தது, அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அவர் தம் துண்டால் அதை வளைத்துப் பின்னாலிருந்த தண்டோடு கட்டினார். பெட்டி அதை உராய்ந்துகொண்டே மேலேறியது.

மகளுக்குப் பணம் கொடுத்தவர் டாக்டரம்மா என்று அவருக்குச் சொன்னவர் யார் என்பது எனக்குத் தெரியாது. தம் ஞாயிற்றுக்கிழமை உழைப்பு எதை அழித்தது என்பதை அவர் அறிந்துகொண்டாரா என்பதும் எனக்குத் தெரியாது. அன்று அவர் அறிந்து கேட்டிருக்கலாம். படித்த பெண், கேட்டுச் செய்வதே மரியாதை என்று எண்ணியும் கேட்டிருக்கலாம்.